இழுக்காத கொக்கி

கொக்கியால் குத்தினால் மட்டும் போதாது, குத்தின கையோடு இழுக்க வேண்டும். மூட்டை தூக்க வருகிற எவனும் முதல் நாளே கற்றுக்கொள்கிற வித்தை இது. இழுத்தால்தான் மூட்டை தோளுக்கு வரும். பகலவன் அன்றைக்கு ஜெயவேலையும் ஒரு மூட்டையாகத்தான் நினைத்திருக்க வேண்டும். வலது விலாவுக்கு அடியில் குத்தினான், பழக்க தோஷத்தில் இழுத்தும் விட்டான். சட்டையோடு சேர்ந்து சதையும் வந்தது.

இது நடந்தது தொண்ணூற்றெட்டாம் வருஷம், திருவொற்றியூரிலிருந்து மணலி போகிற சாலையில் இருந்த ஒரு கன்டெய்னர் யார்டின் வாசலில். உள்ளே யூரியா மூட்டை இறக்குகிற வேலை யாருக்கு என்று சண்டை. ஒரு பக்கம் ஜெயவேலின் அண்ணன் மாரியப்பன் நடத்திய கும்பல், இன்னொரு பக்கம் அருள்பிரகாசத்தின் கும்பல். முந்தைய வருஷம்வரை இரண்டும் ஒரே கும்பல்தான். ஜெயவேலும் பகலவனும் ஒரே கேரம்போர்டில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஜோடி போட்டு ஆடியவர்கள். கும்பல் பிரிந்தபோது ஜெயவேல் அண்ணனோடு போனான், பகலவன் மாமனார் சொன்னாரென்று அருள்பிரகாசத்தோடு போனான். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வாய்த்தகராறுகூடக் கிடையாது. வயிற்றுப் பிழைப்புக்கு வந்த இடத்தில் வயிற்றையே கிழித்துக்கொண்டார்கள், இந்தக் கூத்தை என்னவென்று சொல்வது?

அன்று யார்டு வாசலில் ஒருவனுக்குக் காது போயிற்று, ஒருவனுக்கு முன்பல் நான்கும் போயின. சோடா பாட்டில் சில்லும் யூரியாவும் ரத்தமும் கலந்து தார்ச்சாலையே வழுக்கியது. ஜெயவேல் வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு லாரி டயரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். விரலுக்கு நடுவே கறுப்பாக, கொழகொழவென்று வந்துகொண்டிருந்தது. எதிரே பகலவன் கையில் கொக்கியோடு நின்றவன் நின்றபடியே இருந்தான். "மாமு, நீன்னு தெரியலடா," என்றான். ஜெயவேலுக்கு அதற்குமேல் நினைவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது போலீஸ்காரர் ஒருவர் தலைமாட்டில் நின்றார். மூட்டை சரிந்து தன் கொக்கிமேல் தானே விழுந்துவிட்டதாக ஜெயவேல் சொன்னான். அந்தப் பக்கத்தில் யாரும் போலீசில் பெயர் சொல்வதில்லை. அவருக்கும் அது தெரியும், அவர் பாட்டுக்கு எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அப்புறம்தான் டாக்டரம்மா வந்தார். ஐம்பதை நெருங்கியவர், கண்டிப்பானவர், ஆனால் நோயாளியிடம் உட்கார்ந்து பேசுகிற மனசு இருந்தது.

"உங்க ஈரல்ல வலது பக்கம் பூரா கிழிஞ்சு தொங்கிட்டிருந்தது. தைக்க முடியல. பாதிக்கு மேல எடுத்துட்டோம்," என்றார்.

பக்கத்தில் நின்ற மங்கை, ஜெயவேலின் மனைவி, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பயப்படாதீங்கம்மா. கை போனா கை முளைக்காது, ஆனா ஈரல் அப்படி இல்ல. வெட்டின துண்டு திரும்ப முளைக்காதுதான். மிச்சம் இருக்கு பாருங்க, அது பெருக்கும். சும்மா கெடந்த செல்லெல்லாம் முழிச்சுக்கிட்டு ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும். சில மாசத்துல பழைய அளவுக்கு வந்துடும். வந்ததும் தானா நின்னுடும்."

"எப்ப நிக்கணும்னு அத்துக்கு எப்டி தெரியும்?" என்று கேட்டான் ஜெயவேல்.

"அது எங்களுக்கே முழுசாத் தெரியாதுப்பா." டாக்டரம்மா எழுந்துகொண்டார். "ஆனா குடிக்கக் கூடாது. குடிச்சுக் குடிச்சு வடு கட்டின ஈரல் வளராது."

"எனுக்கு அந்தப் பழக்கம் இல்ல டாக்டரம்மா," என்றான் ஜெயவேல். அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டான். தனக்கில்லாத பழக்கத்தைப் பற்றி எவன் காது கொடுத்துக் கேட்பான்?

அவன் படுத்துக் கிடந்தபோதே வெளியே இரண்டு கும்பல் பெரியவர்களும் ஒரு பரோட்டாக் கடையில் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டார்கள். அங்கே ஒரு முறை உண்டு. குத்துப்பட்டவன் உயிரோடு இருந்தால், அவன் கையால்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதே ஆயுதம், அதே இடம். அவன் எழுந்து நிற்கிறவரை இரண்டு பக்கமும் கை வைக்கக் கூடாது, குத்தினவன் ஊரை விட்டு ஓடவும் கூடாது. ஓடினால் அவன் வீட்டு ஆண்கள் எல்லோருக்கும் சேர்த்து விழும். பகலவன் காத்திவாக்கத்தில் தன் மனைவி செங்கொடியின் வீட்டில் இருந்துகொண்டு, ஜெயவேலின் ஈரல் வளர்கிறவரை காத்திருக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் திருவொற்றியூரில் அந்த மாதங்களில் ஒரு மனுஷனின் ஈரல்மேல்தான் அத்தனை பேர் கண்ணும் இருந்தது.

மாரியப்பன் வாரத்துக்கு மூன்று தடவை ஆட்டு ஈரல் வாங்கி அனுப்பினார். "ஈரலுக்கு ஈரல்தான் மருந்து. நல்லா மெளகு போட்டு குடு, சீக்கிரம் எழுந்துக்கட்டும்," என்று மங்கையிடம் சொல்லிவிட்டுப் போவார். எதற்கு எழுந்துகொள்ள வேண்டும் என்பது மங்கைக்கு நன்றாகத் தெரியும். வாசலில் சிரித்த முகத்தோடு பொட்டலத்தை வாங்குவாள். அவர் தெரு திரும்பியதும் பின்பக்கம் போய் நாய்களுக்குப் போட்டுவிடுவாள். அந்தத் தெரு நாய்கள் அந்த வருஷம் போல என்றைக்கும் கொழுத்ததில்லை. புருஷனுக்கு வெறும் ரசம் சோறுதான்.

"எனுக்கும் ஒரு துண்டு குடேன்டி," என்பான் ஜெயவேல்.

"துன்னுட்டு இன்னா பண்ணப் போற? கொக்கியத் தூக்கிக்கினு போயி கொலகாரனா நிக்கப் போறியா? கம்முனு கெட," என்பாள் மங்கை.

ஈரலா கேட்கும் இதையெல்லாம்? ரசம் சோற்றிலேயே அது பாட்டுக்கு வளர்ந்தது. ஆறு மாதத்தில் ஜெயவேல் தண்ணீர்க் குடத்தைத் தோளில் தூக்கினான், மூச்சு வாங்கவில்லை. முகத்தில் பழைய ரத்தம் வந்துவிட்டது. மங்கை கதவைச் சாத்திவிட்டு அழுதாள். நல்லா ஆயிட்டியே பாவி, நல்லா ஆயிட்டியே என்று அவன் நெஞ்சிலேயே குத்தினாள். புருஷன் தேறிவிட்டான் என்று அழுத பெண்டாட்டி அந்த ஊரிலேயே அவள் ஒருத்திதான் இருப்பாள்.

மறுநாள் மாரியப்பன் வந்து கேட்டபோது அவளே முந்திக்கொண்டாள். "இன்னும் வளரல மாமா. டாக்டரம்மா பொறுக்கச் சொல்லிக்கீறாங்க."

ஜெயவேல் பாயில் சுருண்டு படுத்து முனகினான். அன்றைக்கு ஆரம்பித்தது அந்தப் பொய். ஒரு மாதம், இரண்டு மாதம் என்று தள்ளிப்போட்டால் எல்லோருக்கும் கோபம் ஆறிவிடும் என்பது அவன் கணக்கு. பகலவனுக்கும் நல்லது, தனக்கும் நல்லது. வீட்டுக்குள்ளேயே கிடந்தான், வெளியே போனால் சுவரைப் பிடித்துக்கொண்டு போனான், நாலு பேர் பார்க்க இருமினான். மங்கை இறால் உரிக்கிற கொட்டகைக்குப் போய் விரல் வெந்து வெந்து குடும்பத்தை ஓட்டினாள். மஞ்சள் பூசின முகத்தைக் காட்டினால் காமாலை என்று நம்புவார்களென்று அதையும் செய்து பார்த்தான் அந்தப் பைத்தியக்காரன். அவனுக்குப் பெருமைகூட இருந்தது, தான் படுத்துக் கிடக்கிறதால் ஒருவன் உயிரோடு இருக்கிறான் என்று.

இப்படியே மூன்று வருஷம் போயிற்று. மாரியப்பனின் ஆட்களே அவரைக் கேலி செய்ய ஆரம்பித்தார்கள். "இன்னாண்ணா, ஒந்தம்பிக்கு உள்ள வளர்றது ஈரலா, தேக்கு மரமா?" என்று ஒருவன் டீக்கடையில் கேட்டுவிட்டான். மாரியப்பன் அவன் வாயிலேயே டீ கிளாசை உடைத்தார். உதட்டில் ரத்தம் ஒழுக அவன் ஓடினான். அந்தக் கையோடு மாரியப்பன் ஆட்டோ பிடித்து வந்து, தம்பியைப் பாயோடு கிளப்பி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

டாக்டரம்மா ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வாய் நிறையச் சிரித்தார். "அருமையா வளர்ந்திருக்கு. இது இன்னைக்கு நேத்து வந்ததில்ல, முதல் வருஷமே வந்திருக்கும். ஏன்ப்பா, இத்தன நாளா வேலைக்குப் போகாமயா இருந்தே?"

மாரியப்பன் தம்பியை ஆட்டோவில் ஏற்றினார். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினதும்தான் அடித்தார். பெல்ட்டால் அடித்தார், அது கை நழுவி விழுந்ததும் காலால் உதைத்தார். குறுக்கே வந்த மங்கையின் தலை கதவில் மோதி நெற்றி பிளந்தது.

"என்ன சந்தியில நிக்க வச்சிட்டியேடா. வர்ற வெள்ளிக்கெழம யார்டு வாசல்ல நீ அவன குத்துற. உன்னால முடியலன்னா சொல்லு, என் ஆளுங்க அவன் கழுத்த அறுத்துட்டு வருவானுங்க," என்றார் மாரியப்பன்.

ஜெயவேல் வாயிலிருந்து ரத்தத்தைத் துப்பினான். "வேற எவனும் வேணாம். நானே குத்துறேன்," என்றான்.

அவன் மனசில் ஒரு யோசனை ஓடியது. அண்ணனின் ஆட்கள் போனால் பகலவன் பிணம்தான். தானே போனால்? ஈரலில் குத்துப்பட்டும் பிழைத்து, பாதியைப் பறிகொடுத்தும் முழுசாக வளர்ந்து நிற்கிற மனுஷன் தான்தானே? அதே இடத்தில் அளவாகக் குத்தி, இழுக்காமல் விட்டு, ஆட்டோவைத் தயாராக நிறுத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், பகலவனுக்கும் வளர்ந்துவிடும். முறையும் முடிந்தது, உயிரும் தப்பியது. மூன்று வருஷமாக யோசிக்காத வழி இப்போது பளிச்சென்று தெரிந்ததில் அவனுக்கு அடிபட்ட வலிகூட மறந்துபோயிற்று.

மறுநாள் காலையில் யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறிக் காத்திவாக்கம் போனான். பகலவன் கழிமுகத்துப் பக்கம் கவிழ்த்துப் போட்ட ஒரு கட்டுமரத்தின்மேல் உட்கார்ந்திருந்தான். ஜெயவேலைப் பார்த்ததும் எழுந்து ஓடப் பார்த்தான், முடியாமல் அப்படியே உட்கார்ந்தான்.

"இங்கியே முடிச்சுடு மாமு. என்னால முடியல," என்றான் பகலவன்.

"குந்துடா பேமானி, பேச வந்துகீறேன்." ஜெயவேல் பக்கத்தில் உட்கார்ந்தான். எத்தனையோ நாள் கழித்துப் பார்க்கிற தோஸ்து. கையும் காலும் குச்சியாக இருந்தன, வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. "இன்னாடா, மாமியா வூட்டு சோறா? தொப்ப போட்டுக்கினு கீற."

"துன்றது எங்க? காத்தாலயே ஊத்திக்குவேன். ஊத்துனாத்தான் கண்ணு மூடும்." பகலவன் மணலைப் பார்த்துப் பேசினான். "டெய்லி வூட்டாண்ட நாய் கொலைச்சா நீன்னு நெனச்சுக்குவேன். இன்னிக்கு வருவான், நாளைக்கு வருவான்னு. மூணு வருசம்டா. நீ ஏண்டா சீக்கிரம் வரல?"

ஜெயவேல் அதைக் கேட்டுக்கொண்டான், ஆனால் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவன் தலைக்குள் முழுக்க அவனுடைய யோசனைதான். சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினான். பகலவனின் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தான்.

"அழுத்திப் பாரு. பாதி இல்லாம கெடந்தேன், இப்ப ஃபுல்லா கீது. படத்துல பாத்தேன். வெள்ளிக்கெழம நான் குத்துவேன். கொக்கி மொனை மட்டும் உள்ள போவும், குத்துன வழியிலேயே எடுத்துடுவேன். இஸ்க மாட்டேன். ஆட்டோ நிக்கும், நானே தூக்கிக்கினு போறேன். நாலு மாசம் ரசம் சோறு துன்னு, உனுக்கும் வளந்துடும்."

பகலவன் கையை எடுக்காமல் தழும்பைத் தடவிப் பார்த்தான். "வலிக்குமா?"

"வலிக்கும்."

"இஸ்க மாட்டியே?"

"என் பொண்டாட்டி மேல சத்தியம், இஸ்க மாட்டேன்."

பகலவன் சிரித்தான். கண் இரண்டும் மஞ்சளாக இருந்தன. ராத்திரியெல்லாம் குடித்த கண் அப்படித்தான் இருக்கும் என்று ஜெயவேல் நினைத்தான். ஒரு காலத்தில் தன் முகத்தில் மஞ்சள் பூசிக்கொண்டு ஊரை ஏமாற்றினவன், நிஜ மஞ்சளைக் கண்ணுக்கு நேரே பார்த்தபோது தெரிந்துகொள்ளவில்லை. பாழாய்ப்போன மனுஷன், தெரிந்துகொண்டிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து கொக்கியை எடுத்து, வளைவில் பழைய சைக்கிள் டியூபை இறுக்கிச் சுற்றினான். இரண்டு விரல்கடை முனை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குமேல் உள்ளே போகாது. மாரியப்பன் பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்டார். ரத்தம் பட்டால் வழுக்காமல் இருக்க என்றான் ஜெயவேல். அவர் மெச்சிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியான வெயிலில் யார்டு வாசலில் இரண்டு கும்பலும் நின்றன. பகலவன் சட்டையைக் கழற்றிவிட்டு வந்து நின்றான். ஒருவன் அவன் தொப்பையைப் பார்த்துக் கிண்டல் செய்தான், நாலு பேர் சிரித்தார்கள். ஜெயவேல் கிட்டே போனான். சாராய வாடை அடித்தது. பகலவன் கையை மேலே தூக்கி, விலாவைக் காட்டிக் கண்ணை மூடிக்கொண்டான். கேரம் ஆடும்போது எதிரே உட்கார்ந்து சிவப்புக் காயை விட்டுக்கொடுக்கிற அதே முகம்.

ஜெயவேல் குத்தினான். டியூப் தடுக்கிற வரை போய் நின்றது. இழுக்கவில்லை. குத்தின வழியிலேயே மெதுவாக எடுத்தான்.

முதலில் வந்தது ரத்தமில்லை. மஞ்சளாகத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்து ஜெயவேலின் கையை நனைத்தது, நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. அந்தத் தொப்பை கண்ணெதிரே வடிந்தது. சிரித்தவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். அதற்குப் பின்னால் ரத்தம் வந்தது. அதுவும் நிற்கிற ரத்தமில்லை, உறையாமல் தண்ணீராக ஓடியது. பகலவன் மூக்கிலும் வாயிலும்கூட வந்தது. "மாமு, இஸ்துட்டியாடா?" என்று கேட்டுக்கொண்டே மடங்கினான்.

"இல்லடா, இஸ்கலடா." ஜெயவேல் கொக்கியை வீசிவிட்டு அவனை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினான். வழி முழுக்க ஓட்டையைத் தன் சட்டையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நாலே மாசம், நாலே மாசம் என்று சொல்லிக்கொண்டு வந்தான்.

அதே டாக்டரம்மாதான் வெளியே வந்தார். கையுறையைக் கழற்றினார், முகத்தில் சிரிப்பில்லை.

"காயம் ஒண்ணும் பெருசில்ல. உன்னுதுல பத்துல ஒரு பங்குகூட இல்ல," என்றார். "ஆனா உள்ள ஈரலே இல்லப்பா. கல்லு மாதிரி இறுகிக் கெடக்கு, பூரா வடு. அது வளரவும் வளராது, ரத்தத்த உறைய வைக்கவும் செய்யாது. எங்களால நிறுத்த முடியல, போயிட்டாரு. எத்தன நாளா இப்படிக் குடிச்சாரு?"

வடு கட்டின ஈரல் வளராது. மூன்று வருஷத்துக்கு முன் கட்டிலோரத்தில் அவர் சொன்னது அப்போதுதான் ஜெயவேலின் காதில் விழுந்தது. காத்திவாக்கத்து மணலில் பகலவன் சொன்னதும் அதோடு சேர்ந்து விழுந்தது. கொக்கி பிடித்த கையை அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எனுக்கு வளரலன்னு நான் சொன்ன நாள்லேந்து," என்றான்.

இந்தத் தடவை போலீஸ்காரர் கேட்டபோது பெயர் சொன்னான், தன் பெயரை. நீதிமன்றத்திலும் மறுக்கவில்லை. ஏழு வருஷம் உள்ளே இருந்தான். மாரியப்பன் பெருமையாக மனு போட்டுப் பார்க்க வந்தபோது அவன் அறையை விட்டு வெளியே வரவே இல்லை. கணக்கு அதோடு முடியவும் இல்லை. ஜெயவேல் பிழைத்தான், பகலவன் செத்தான், இது எப்படிச் சரிக்குச் சரியாகும் என்று அருள்பிரகாசத்தின் ஆட்கள் பேசினார்கள். பாஸ்கல் என்று ஒருவன் ராயபுரத்திலிருந்து வந்து அவர்களோடு சேர்ந்திருந்தான். ஒரு பொங்கலுக்கு மறுநாள், ரயில்வே கேட்டண்டை மாரியப்பனைக் கண்டதுண்டமாக வெட்டிப் போட்டான். தலையைத் தேடி எடுத்துத்தான் கொள்ளி வைத்தார்கள்.

இரண்டாயிரத்தெட்டில் ஜெயவேல் வெளியே வந்தபோது மாரியப்பனின் ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள். பொட்டலத்தில் ஆட்டு ஈரல் வாங்கி வந்திருந்தார்கள். மங்கை, நெற்றித் தழும்போடு, கதவை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"உடம்பு எப்டிண்ணா கீது?" என்று ஒருவன் கேட்டான். அண்ணனுக்காகப் பாஸ்கலுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியவன் தம்பிதான், எதற்குக் கேட்கிறான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"இன்னும் வளரல," என்றான் ஜெயவேல்.

அவர்கள் போனதும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். எங்கே போகிறான் என்று சொன்னதும் மங்கை தடுக்கவில்லை, தானும் கூட வந்தாள். ராயபுரத்தில் ஒரு சந்துக்குள் பாஸ்கலின் வீடு. சிலுவை மாட்டிய கதவைத் திறந்ததும் பாஸ்கலின் கை முதுகுப் பக்கம் போயிற்று. அரையில் செருகின கத்தி. இன்னொரு கையில் பிளாஸ்டிக் கிளாஸ், வாயில் வாடை. காலை மணி பத்துகூட ஆகவில்லை.

ஜெயவேல் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினான்.

"நைனா, இத்து வளரல. இனிமேட்டும் வளராது. நான் வர மாட்டேன், இன்னிக்கும் வர மாட்டேன், நாளைக்கும் வர மாட்டேன். இத்த சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

பாஸ்கல் நம்பாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். ஜெயவேல் அவன் கையிலிருந்த கிளாசை வாங்கிச் சாக்கடையில் கவிழ்த்தான்.

"போயி தூங்கு," என்றான்.